மாப்பிள்ளை தட்டிப் பார்க்கமாட்டார்

முதல் மணியிலேயே போனை எடுத்து, "சொல்லு ஆத்தா" என்கிற என் அண்ணனுக்கு,

இந்த முறை மணி அடிக்காது. எழுதுகிறேன்.

அம்மா போன வாரம் பேசினாள். உன் முதல் வருஷத் திதிக்கு நினைவு அட்டை அடிக்கப் போகிறார்களாம். நடுவில் உன் பாஸ்போர்ட் போட்டோ. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. அடியில் நாலு வரி வேண்டும், நீதானே படித்தவள், எழுதிக் கொடு என்றாள். ஒரு வரியை அவளே சொல்லவும் செய்தாள்.

"கூடப் பொறந்தவளுக்கு அந்த ஊர்ல ஒரு வீட்டையே குடுத்துட்டுப் போனான்னு போடு தாயி. அத நாலு பேரு படிக்கணும்."

சரி என்றேன். உட்கார்ந்தேன். நாலு வரி வரவில்லை. இதுதான் வருகிறது.

முதலில் ஊர்ச் செய்தி. நீ போன பிறகு இந்த நாடு அப்படியே நின்றுவிட்டது. துபாய் ரோட்டில் கிரேன்கள் அசையாமல் நிற்கின்றன. உன் கம்பெனியில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்களாம். சாவியோடு காரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு ஆட்கள் போகிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். போன வருஷம் எங்களை விரட்டிய வாடகை இப்போது இறங்கிக்கொண்டே வருகிறது. ஒரு வருஷம் முன்னால் இறங்கியிருக்கக் கூடாதா? நீ அந்த கேரவனை இழுத்துக்கொண்டு வந்திருக்கமாட்டாய்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன். உனக்காக அல்ல. அட்டையைப் படிக்க இருந்த அந்த நாலு பேருக்காக.

அல் ஐனில் ஒரு பழைய வில்லாவைப் பலகையால் ஆறாகத் தடுத்து, ஆறு குடும்பங்கள் இருந்தோம். ஒரு வில்லாவில் ஒரு குடும்பம்தான் இருக்கலாம் என்று நோட்டீஸ் வந்தது. தனி ஃபிளாட் எங்களுக்கு எட்டாது. என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை, எனக்கும் எங்கள் மகள் கயலுக்கும் டிக்கெட் விசாரிக்கத் தொடங்கினார். கயலுக்கு அப்போது மூன்று வயது. அவர் ஆண்கள் மட்டும் தங்குகிற கம்பெனி கேம்புக்குப் போய்விடுவதாகவும், நாங்கள் ஊருக்குப் போவதாகவும் முடிவாயிற்று. அதை உன்னிடம் போனில் சொன்னேன். மறுவாரம் நீயே கூப்பிட்டாய்.

"டிக்கெட்டு கிக்கெட்டுன்னு எதுவும் போட்றாதீக. வீடு ரெடி. சக்கரம் வெச்ச வீடு."

உன் கம்பெனியில் இருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன கேரவன். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிறது. நீ அதை வாங்கி இரண்டு வருஷம் வைத்திருந்தாய். கடலோரத்தில் இருக்கும் கம்பெனி யார்டில் நிறுத்தி, வியாழக்கிழமை ராத்திரிகளில் ரூம் ஆட்களைக் கூட்டிப்போய் அதற்குள் பிரியாணி போடுவாய். 'கேரவன் முதலாளி' என்று அவர்கள் கேலி செய்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். உனக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அது. அதை விற்பதானால் எங்களுக்குத்தான் என்றாய். வாங்கிய விலைக்கே.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தீர்கள். பிக்கப்பை ஓட்டியது உன் ரூமில் கூட இருந்த சாகுல் அண்ணன். பின்னால் வெள்ளையாக, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, அது ஆடி ஆடி வந்தது. உன் மாப்பிள்ளையின் முதலாளி, அந்த அர்பாப், தன் பேரீச்சந்தோட்டத்தில் நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார். பம்ப் ஷெட்டிலிருந்து கரண்டு. நீ இறங்கி, இடுப்பில் கைவைத்து நின்று அதைப் பார்த்தாய்.

"வெள்ளக்காரன் மூளையப் பாரு. வீட்டுக்காரன் வாடகைய ஏத்துனா வீட்டையே இழுத்துக்கிட்டுப் போயிரலாம்."

எல்லோரும் சிரித்தோம். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் உன் மாப்பிள்ளை சிரித்தார்.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். சனாயா தொழிற்பேட்டையில் தச்சுப் பட்டறை ஃபோர்மேன். மரம் என்று எதைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டுவார். கட்டில் பார்க்கப் போனால் கட்டிலை. விருந்துக்குப் போனால் அவர்கள் வீட்டுக் கதவை. ஒருமுறை கிளினிக்கில் டாக்டரின் மேஜையைத் தட்டிவிட்டு, "அமுக்கின தூளு, மரமில்ல" என்று என் காதில் சொன்னார். அப்படிப்பட்டவர் அன்று கேரவனுக்குள் ஏறியதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நல்லாப் பாருங்க மாப்ள. தட்டிக் கிட்டிப் பாருங்க" என்றாய்.

"என்ன மச்சான், உங்க பொருளப் போயித் தட்டிப் பாக்குறதா?"

"அட, காசு குடுத்து வாங்குறீகல்ல."

"தட்டுனா ராத்திரிக்கு எனக்குச் சோறு கெடையாது. உங்க தங்கச்சியப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

நம் பக்கத்தில் அது அப்படித்தான். மச்சான் கொண்டுவந்து நிறுத்தியதை மாப்பிள்ளை புரட்டிப் பார்த்தால், பார்த்தது பொருளையல்ல, ஆளை. கோயில் காளையாக இருந்தாலும் குக்கராக இருந்தாலும். படித்த நானும் அதில் பெருமைப்பட்டேன். என் அண்ணனை என் வீட்டுக்காரர் எவ்வளவு மதிக்கிறார்.

ஒன்றை மட்டும் பார்த்தோம். இந்த நாட்டில் எதை வாங்கினாலும் கேட்கிற கேள்வி. ஏசி ஓடுமா? நீ சுவிட்சைப் போட்டாய். கூரையில் உட்கார்ந்திருந்த ஏசி ஒருமுறை உதறிவிட்டு ஓடத் தொடங்கியது. கயல் அதன் கீழே போய் நின்று, வாயைத் திறந்து, "ஐசு, ஐசு" என்றாள். முடிந்தது பரிசோதனை.

வடக்குப் பக்கச் சுவரில் மட்டும் புதுப் பிளைவுட். மேலே இளநீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட தாள். "ஆத்தாளுக்குன்னு நானே ஒட்டுனேன்" என்றாய். நான் அழுதுவிட்டேன். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் அழுதேன்.

பால் காய்ச்சினோம். பொங்கும்போது நீ அடுப்பின்மேல் குனிந்து, "கெழக்க! கெழக்க வழியுது!" என்று கத்தினாய். கயலின் மெத்தையை வடக்குச் சுவரை ஒட்டிப் போடலாம் என்று நான் சொன்னபோது ஒரு கணம் நின்றாய். இல்லை, நிற்கவில்லையோ. எத்தனையோ முறை அந்தக் கணத்தை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒருமுறை நிற்கிறாய். மறுமுறை மெத்தையின் ஒரு முனையை நீயே பிடித்துப் போடுகிறாய். என் ஞாபகம் இனி சாட்சி சொல்ல லாயக்கில்லை.

டிசம்பரில் கயலுக்கு இருமல் தொடங்கியது. பிறகு இரைப்பு. மூச்சு விடும்போது நெஞ்சில் காது வைக்காமலே கேட்டது. கிளினிக்கில் இருந்தது மலையாளி டாக்டர் அம்மா. மருந்து எழுதிக்கொண்டே கேட்டாள்.

"வீட்டில் ஈரம் உண்டோ? சுவரில் பூஞ்சை கீஞ்சை?"

உன் மாப்பிள்ளை சிரித்தார். "டாக்டர், இது பாலைவனம். தொவச்ச துணிய உதறிப் போடுறதுக்குள்ள மொறுமொறுன்னு ஆயிருது. ஈரத்துக்கு நான் எங்க போவேன்?"

டாக்டரும் சிரித்தாள். நானும். எம்.எஸ்ஸி. தாவரவியல். நீ அனுப்பிய பணத்தில் படித்தது. பூஞ்சைகள் எங்கே வளரும், அவற்றின் வித்துகள் எப்படிப் பரவும் என்று படம் வரைந்து, பாகம் குறித்து, நல்ல மதிப்பெண் வாங்கியவள். சிரித்தேன்.

ஜனவரியில் நீ செத்துப்போனாய்.

இதை இதைவிட மென்மையாக எழுத வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டோரில் சிமெண்ட் மூட்டைகளின்மேல் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்றார்கள். சாகுல் அண்ணன் போனில் குழந்தை மாதிரி அழுதார். "ஒரு மாசமா நெஞ்சப் புடிச்சிக்கிட்டுத்தான் இருந்தாரு தங்கச்சி. வாயுன்னாரு. எலுமிச்சம்பழச் சோடா வாங்கி வாங்கிக் குடிச்சாரு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

முப்பத்தெட்டு வயது. உன்னையும் யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

உன்னோடு நான் ஊருக்கு வரவில்லை. அந்த வாரம் முழுவதும் கயல் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூக்கிலும் வாயிலும் மூடி போட்டு, புகை மாதிரி மருந்து. பெட்டியோடு போனது உன் மாப்பிள்ளை. நம் வீட்டு வாசலில் உன்னைத் தூக்கும்போது யாரோ போனை உயர்த்திப் பிடித்தார்கள். ஒரு காதில் அம்மாவின் அழுகை. மறு காதில் அந்த மருந்து மிஷினின் இரைச்சல். கடைசியாக உன் முகத்தை ஏன் பார்க்க முடியாமல் போயிற்று என்று அப்போது எனக்குத் தெரியாது. மகளுக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஊரிலிருந்து அவர் உன் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். அதை மாட்ட ஏப்ரல் வரை எனக்கு மனம் வரவில்லை. போனவர்களின் படம் தெற்கு பார்த்து இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். தெற்கு பார்க்க வேண்டுமானால் வடக்குச் சுவரில்தான் மாட்ட வேண்டும்.

அவர் டூட்டிக்குப் போன பிறகு, காலையில், கயலின் மெத்தைமேல் ஏறி நின்று ஆணியை வைத்து அடித்தேன். ஒரே அடி. தலைவரை உள்ளே போய்விட்டது. மரத்தில் ஆணி இறங்கும்போது ஒரு சத்தம் வருமே, அது வரவில்லை. பிடுங்கினேன். ஆணியோடு பழுப்பாக ஈரத்தூள் வந்தது. முகர்ந்து பார்த்தேன். அந்த வாசனை எனக்குத் தெரியும். கல்லூரி ஆய்வகத்தில், மூடி வைத்த கண்ணாடித் தட்டுகளைத் திறக்கும்போது வரும்.

அவருடைய உளி ஒன்றை எடுத்து உன் நீலத் தாளைக் கிழித்தேன். பிளைவுட்டை நெம்பினேன்.

கறுப்பு. புள்ளிகள் இல்லை, கம்பளி. மேலிருந்து கீழ் வரை. சுவரைத் தாங்க வேண்டிய மரச்சட்டங்கள் டீயில் நனைத்த ரஸ்க் போல இருந்தன. விரலால் தொட்ட இடம் விரலோடு வந்தது. நாங்கள் எந்த ஏசியைப் போட்டுப் பார்த்து மகிழ்ந்தோமோ, அதன் தண்ணீர் வெளியே போகாமல் கூரையிலிருந்து சுவருக்குள் இறங்கியிருக்கிறது. கடலோரத்துப் புழுக்கத்தில், எத்தனை கோடையாகவோ. பாலைவனத்தில் ஈரத்துக்கு எங்கே போவது? இதோ, ஆள் உயரத்துக்கு என் வீட்டிலேயே இருந்தது. என் மகளின் தலைமாட்டில்.

முதலில் உனக்காகத்தான் பதறினேன், அண்ணா. உன்னை ஏமாற்றிவிட்டானே அந்த வெள்ளைக்காரன் என்று.

பிறகு கீழே பார்த்தேன். சுவரும் தரையும் சேரும் இடத்தில், கசிவை அடைக்க ஒரு துணியைச் சுருட்டித் திணித்திருந்தது. இழுத்தேன். பச்சைக் கட்டம் போட்ட கைலி. ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட ஓட்டை. அதன்மேல் ஒட்டுப் போட்ட தையல். அந்தத் தையலை நான் போட்டேன். நீ முதல்முதலாக விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் போட்டேன்.

சாகுல் அண்ணனைக் கூப்பிட்டேன். நலம் விசாரித்தார். நான் விசாரிக்கவில்லை.

"அண்ணே, அந்தச் செவுத்துல பிளைவுட் அடிச்சது யாரு?"

"எந்தச் செவுத்துலம்மா?"

"உள்ள எங்க அண்ணன் கைலி இருக்கு."

"மவுத்தானவரப் பத்தி நம்ம பேசக் கூடாது தங்கச்சி."

"என் மக இன்னும் மவுத்தாகல. அவளப் பத்திப் பேசுங்க."

"நான் புடிச்சிக்கிட்டேன். அவரு அடிச்சாரு" என்றார். பிறகு நிறுத்தவே முடியாதவர்போலப் பேசினார். "நான் சொன்னேம்மா. செல்வம், உன் மாப்ள தச்சு வேல பாக்குற ஆளுய்யா, ஒரு தட்டுத் தட்டுனா கத கந்தலாயிரும்னேன்."

"அதுக்கு?"

"'மாப்ள தட்டிப் பாக்கமாட்டாரு'ன்னாரு. சிரிச்சாரு."

"சிரிச்சாரா?"

"கேலியா இல்லம்மா. பெருமையா. எம் மாப்ள அப்படிப்பட்ட ஆளுன்னு பெருமையாச் சொன்னாரு."

நீ பொய் சொன்னாய் என்பதைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. நல்ல குணம் ஒன்றைப் பார்த்து, அது எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் பண்ணி, அதன்மேல் அந்தச் சுவரை நிறுத்தினாய். அதைத்தான் தாங்க முடியவில்லை.

சாகுல் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். "நீங்க ஊருக்குப் போறது அவருக்குப் பொறுக்கல தங்கச்சி. உள்ளதச் சொன்னா மாப்ள உங்களப் பிளைட் ஏத்திருவாருன்னுதான். பிள்ளைய வாரா வாரம் பாக்கணுமே அவருக்கு." இருக்கலாம். பதினோரு வருஷமாக எட்டுக் கட்டில் போட்ட ரூமில் இருந்தவன் நீ. வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து, கயலுக்கு மாம்பழ ஜூஸ் டப்பாக்களோடு வருவாய். அவளைத் தோளில் வைத்துத் தோட்டத்தைச் சுற்றுவாய். உன்னை அப்படி நினைத்துக்கொண்டால் எனக்கு எல்லாம் எளிதாகிவிடும். அதனாலேயே அப்படி நினைக்க மறுக்கிறேன். அவளைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அவளை அங்கே படுக்கவைத்தாய் என்றால், அதற்கு என்ன பெயர் அண்ணா?

இனி என் பங்கு.

பிளைவுட்டைத் திரும்பப் பொருத்தினேன். கிழித்த தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டினேன். கைலியை என் பெட்டியின் அடியில் வைத்தேன். கயலின் மெத்தையை எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டு, இங்கேதான் காற்று வருகிறது என்று அவரிடம் சொன்னேன். உன் படத்தைச் சாமான் அலமாரியில் சாய்த்து வைத்தேன். ஆணி கிடைக்கவில்லை என்றேன். தச்சு ஃபோர்மேன் வீட்டில். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வாரம் இப்படிப் போயிற்று. அந்த மூன்று வாரமும் என் அண்ணனின் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் என்பது ஏழடி தூரம். பூஞ்சைக்கு ஏழடி ஒன்றுமில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

கயலுக்கு மறுபடி இரைப்பு வந்த சாயங்காலம், அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கைலியைக் கொண்டுவந்து மடியில் போட்டேன்.

"எங்க அண்ணனோடது. செவுத்துக்குள்ள இருந்துச்சு. எல்லாம் தெரிஞ்சுதான் குடுத்திருக்காரு."

அவர் கைலியைப் பார்த்தார். சுவரைப் பார்க்கவில்லை. என்ன தெரிந்து, என்ன சுவர் என்று கேட்கவில்லை. கேட்காதது என் மண்டையில் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"செவுத்துக்கு என்னன்னு நீங்க கேக்கலியே?"

"பால் காய்ச்சுன அன்னிக்கே தெரியும்" என்றார்.

அன்று வண்டி ஆடாமல் இருக்க, அடியில் படுத்துக் கட்டை கொடுத்தாரே. அப்போது தரைச்சட்டத்தில் கை வைத்திருக்கிறார். "புட்டு மாதிரி கையோட வந்துச்சு. இங்கருந்து அங்க வரைக்கும் போயிருச்சுன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"யாருகிட்ட? மேல உங்கண்ணன் பாயசம் குடிச்சிக்கிட்டு இருக்காரு. அடியிலருந்து எந்திரிச்சு வந்து, மச்சான் ஓட்டப் பொருளக் குடுத்துட்டீகன்னு சொல்லச் சொல்றியா? அவருக்கே தெரியாதுன்னுல நெனச்சேன். சொன்னா மனுசன் செத்துருவாரு."

"செத்துத்தான் போயிட்டாரு."

டீ ஆறிக்கொண்டிருந்தது. "லீவு நாள்ல ஒவ்வொரு சட்டமா மாத்திரலாம்னு இருந்தேன். அவருக்குத் தெரியாம" என்றார். "அதுக்குள்ள ஓவர்டைம். அதுக்குள்ள பிள்ளைக்கு முடியல. அதுக்குள்ள அவரே போயிட்டாரு. போனவர் குடுத்ததப் போயி..."

"டாக்டர் கேட்டப்ப சிரிச்சீங்க."

அவர் ஆறிப்போன டீயை வெளியே கொண்டுபோய் ஊற்றினார்.

நீ அவர் முகத்தைக் காப்பாற்றினாய் என்று சொல்லமாட்டேன், உன் முகத்தைக் காப்பாற்றினாய். அவர் உன் முகத்தை. நான் உங்கள் இருவர் முகத்தையும். மூன்று பேருமே கயல் என்றால் உயிரை விடுகிறவர்கள். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

மறுநாளே கேரவனை விட்டு வெளியேறினோம். அவர் பட்டறைக்குப் பக்கத்தில், இன்னொரு குடும்பத்தோடு சமையலறையைப் பங்கு போட்டுக்கொண்டு ஓர் அறை. சுவர் சிமெண்ட். முதல் நாள் நான் அதை எல்லா இடத்திலும் தட்டிப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கயலுக்கு இப்போது பரவாயில்லை. பரவாயில்லை என்றால், எங்கே போனாலும் பையில் மருந்துக் குழாய் இருக்கிறது. ஓடி விளையாடும்போது தானே நின்று, தன் நெஞ்சைத் தானே கவனிக்கிறாள். நான்கு வயதில். வளர வளரப் போய்விடலாம் என்கிறாள் டாக்டர். போகாமலும் இருக்கலாம் என்கிறாள்.

கேரவனை வாங்க ஓர் ஆள் வந்தான், போன மாதம். யாழ்ப்பாணத்துத் தம்பி. இங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை. மாசமாக இருக்கிற மனைவியை அழைத்துக்கொள்ள இடம் தேடுகிறான். அவன் வருவதற்கு முந்தின நாள் உன் மாப்பிள்ளை ஒரு புதுப் பிளைவுட்டை அளவெடுத்து அறுத்துக்கொண்டுவந்தார்.

"அவன் என்ன எனக்கு மச்சானா? தட்டிப் பாக்கட்டும். யாரு வேணாம்னது? தெரிஞ்சா வெலயக் கொறைக்கட்டும். தெரியலன்னா அவன் பாடு."

பிளைவுட்டை அவர் அடித்தார். அவர் அடிக்கும்போது நான் பிடித்துக்கொள்ளவில்லை. மறுநாள் அந்தத் தம்பியை அவர் தோட்டத்து வாசலில் வரவேற்றுக்கொண்டிருந்தபோது உள்ளே போய் அதைப் பெயர்த்து வெளியே எறிந்தேன்.

தம்பி உள்ளே வந்தான். கூரையைப் பார்த்தான். "ஏசி நல்லா வேலை செய்யுதோ அக்கா?"

"நல்லா செய்யுது தம்பி. இங்க வந்து பாருங்க, என்ன செஞ்சிருக்குன்னு."

குனிந்து பார்த்தான். விரலை வைத்தான். எடுத்துக்கொண்டான். "ஐயோ, உள்ளுக்கு முழுக்க உக்கிப்போய்க் கிடக்கு." பிறகு என்னைப் பார்த்தான். "நீங்கள் சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஏனக்கா காட்டினீங்கள்?"

"உங்க வீட்டுக்காரிக்கு எப்ப பிரசவம்?" என்றேன்.

"மாசியில."

வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனான். உன் மாப்பிள்ளை வாசலிலேயே நின்றார். "உங்கண்ணனுக்கு இருந்த சாமர்த்தியத்துல காவாசி உனக்கு இருந்தா நம்ம பொழச்சிருப்போம்" என்றார். அதன் பிறகு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார், கயலின் மருந்து தீர்ந்துவிட்டது என்று.

கேரவன் தோட்டத்திலேயே நிற்கிறது. வடக்குப் பக்கம் திறந்து கிடக்கிறது. அர்பாபின் ஆடுகள் வெயிலுக்கு அதனடியில் படுத்துக்கொள்கின்றன. ஆடுகளுக்கு அது நல்ல வீடு.

உன் திதிக்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம், அண்ணா. உன் மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்துவிட்டது. அட்டைக்கு அம்மா கேட்ட வரியை நான் தரப்போவதில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறேன். இலை போடுவதற்கு முன்னால், கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, அம்மாவுக்கு நானே வாசிப்பேன். பாதியில் எழுந்து வந்து என்னை அறைவாள். அறையட்டும். "செத்தவனப் போயி" என்று சித்தப்பா கையைப் பிடிப்பார். உன் மாப்பிள்ளை போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். நான் நிறுத்தமாட்டேன்.

உன்னைப் பிடிக்காமல் அல்ல. சமையலில், பஸ்ஸில், சம்பந்தமே இல்லாத நேரங்களில் போனை எடுத்து உன் நம்பரைத் தேடுகிறேன். உன்னிடம் சொல்லாமல் எதையும் முடித்ததில்லை நான். இதையும் உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. உன்மேல் இருக்கிற கோபத்தை உன்னிடமே சொல்லி அழ வேண்டியிருக்கிறது. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "விடு ஆத்தா" என்றா? ஒருவேளை, "தெரியாமச் செஞ்சுட்டேன்" என்றா? அதைச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். கைலியைக் கையில் வைத்துக்கொண்டே நம்பியிருப்பேன். அதுதான் எனக்குப் பயம்.

மன்னித்துவிட்டேன் என்று முடிக்கத்தான் உட்கார்ந்தேன். பேனா அதை எழுதவில்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். வருஷா வருஷம் உன் திதிக்கு வருவேன். வந்து, அந்த ஒரு வார்த்தை வருகிறதா என்று பார்ப்பேன். கயல் நிற்காமல் ஒரு தெருவை ஓடிக் கடக்கிற வருஷம் அது வரும் என்று நினைக்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

உன் கூடப் பிறந்தவள்,
கயலின் அம்மா.